செமஸ்டர் முழுக்கக் கலை கற்பிக்க அழைத்திருக்கிறார்களா?

சிங்கப்பூரின் என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்றில், ஒரு செமஸ்டர் தங்கிக் கற்பித்துக்கொண்டே சொந்தப் படைப்பும் செய்யும் ரெசிடென்சி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான் திருச்சியிலிருந்து வந்தவள். கோலம், ஒலிப்பதிவு, அரங்கம் மூன்றையும் கலந்து வேலை செய்கிறேன். என்னைப் போல ஊர்விட்டு வந்த கலைஞர்களுக்காக இது.

முதலில் பாஸ், அதாவது இங்கே வேலை பார்ப்பதற்கான அனுமதி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் அதை எடுத்துக் கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் யாராவது சனிக்கிழமைப் பட்டறைக்குச் சன்மானத்தோடு அழைத்தால், உடனே தலையாட்டாமல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். நிரந்தரவாசிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பாடம் 13 வாரம், நடுவில் ஒரு வாரம் இடைவேளை. பெரிய வேலையை இடைவேளைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். கடைசி வாரங்களில் மற்ற பாடங்களின் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து பிள்ளைகள் கழுத்தைப் பிடிக்கும். ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில் தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான் வரும். வாசலில் ஒரு பெரிய கோலம் போட முடியுமா என்று அன்பாகத்தான் கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். பண்டிகை அலங்காரம் செய்ய வேறு ஆட்கள் கிடைப்பார்கள். நீங்கள் வந்திருப்பது பாடம் நடத்த.

அதனால் முதல் வகுப்பிலேயே பண்பாட்டு விளக்கத்தைத் தள்ளி வையுங்கள். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்த தாளைக் கொடுத்து, ஒரு சிக்குக் கோலத்தை அடுத்த அறையில் இருப்பவர் பார்க்காமலே வரையும்படி குறிப்பு எழுதச் சொல்லுங்கள். கணினி படிக்கிற பிள்ளை நிமிர்ந்து உட்காரும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக, அதாவது வரையும் விதிகளின் தொகுப்பாக, ஆராய்ந்தார்கள் என்பதை அப்புறம் சொன்னால் போதும். அடுத்த வாரம் அதே குறிப்பைத் தரையில் நடந்து பார்க்கட்டும், திருப்பம் வரும் இடத்தில் எல்லாம் கைதட்டட்டும். வரைபடம், அசைவு, தாளம் மூன்றும் ஒரே வேலையில் வந்துவிடும்.

யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அறையே தரையைப் பார்க்கும். மூன்று மூன்று பேராகப் பிரித்துக் கையில் வேலையைக் கொடுத்துவிட்டால் தானாகப் பேசுவார்கள்.

மாவு விஷயம் தனி. உள்ளே ஏர்கான் காற்றில் பொடி நிற்காது. வெளியே அரிசி மாவைத் தூவினால் மைனாக்கள் வரிசையில் வரும். காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடுவது இங்கே குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. கோலம் தீனியா என்று அதிகாரியோடு வாதாட எனக்குத் தெம்பில்லை, சாக்பீஸ்தான். காலையில் துப்புரவு செய்ய வரும் அக்காவிடம் முந்தின நாளே நேரில் சொல்லிவிடுங்கள். வெறுமனே அறிவிப்பு ஒட்டினால் விடிவதற்குள் கோலம் போய்விடும்.

ஒலிப்பதிவுக்கு எல்லோரும் ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவுக்கே ஓடுவார்கள். வாரத்தில் கிடைத்த ஒரு நாளில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டவிடாதீர்கள். பேட்டி எடுக்கத்தான் வேண்டும் என்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா என்று முதல் வாரமே கேளுங்கள், தாமதமானால் செமஸ்டர் முடிந்துவிடும். அதுவரை எம்ஆர்டி ரயில் கதவு, காப்பிக்கடைக் கரண்டி, மழை என்று பதிவு செய்யட்டும்.

கடைசியாக ஒப்பந்தம். வகுப்பில்லாத ஒரு முழு நாள் உங்கள் சொந்த வேலைக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்டூடியோ சாவி எத்தனை மணிவரை, பிள்ளைகளோடு சேர்ந்து செய்த படைப்பு யாருக்குச் சொந்தம், படங்களை நீங்கள் பயன்படுத்தலாமா என்பதையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.