9.17 எந்த இடம்? கட்டளைவரி மதிப்புகளை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் இருக்கும் விசைப்படகு டிரைவர் ஒருவருக்கு ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். வலை விரிக்கும் இடங்களை அவர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பார். அவற்றை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றுகிற கோப்பாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. நிரலை ஓட்டும் கட்டளைவரியில் அட்சரேகைக்கு ஒரு ஆப்ஷன், தீர்க்கரேகைக்கு ஒரு ஆப்ஷன். இரண்டையும் ஃப்ளோட்டாக, அதாவது தசமப் புள்ளி உள்ள எண்ணாக, மாற்றும்படி எழுதியிருந்தேன். முதல் சோதனைக்கு, நன்றாகத் தெரிந்த இடமாக இருக்கட்டும் என்று ராமேஸ்வரம் துறையின் புள்ளியையே எடுத்தோம். நோட்டில் இருந்தபடி 9.17, 79.19 என்று அவர் மகன் தட்டினான். நிரல் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டது. கருவியைப் பார்த்த டிரைவர், “தம்பி, இது நம்ம துறை இல்லையே. குருசடைத் தீவுக்கும் தெக்கால்ல காட்டுது” என்றார்.

அவருடைய நோட்டில் 9.17 என்றால் 9 டிகிரி 17 நிமிடம். என் நிரலுக்கு அது 9 டிகிரியும் நூறில் 17 பங்கும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 17 நிமிடம் என்பது 0.283 டிகிரி. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1,852 மீட்டர். கணக்குப் போட்டால் வடக்கு தெற்கில் மட்டும் கிட்டத்தட்ட 7 நாட்டிக்கல் மைல் தப்பு. தீர்க்கரேகையின் தப்பையும் சேர்த்தால் சுமார் 19 கிலோமீட்டர். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இலங்கையுடனான கடல் எல்லை இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கரையில், 19 கிலோமீட்டர் என்பது ஒரு மனிதர் எந்த நாட்டுக் கடலில் நிற்கிறார் என்பதையே மாற்றிவிடும். கரையிலேயே கண்டுபிடித்தோம் என்பது பெரிய நிம்மதி.

நிரலில் பிழை எதுவும் வரவில்லை. 9.17 ஒரு நல்ல ஃப்ளோட்தான். ‘எந்த டைப்’ என்று கேட்ட நான், ‘இந்த எண் எதைக் குறிக்கிறது’ என்று கேட்கவில்லை. கட்டளைவரி மதிப்புகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடிப்படையிலிருந்து போவோம். டெர்மினலில் நாம் தட்டும் வரிதான் கட்டளைவரி. நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து நிரலிடம் கொடுக்கிறது. அந்தத் துண்டுகள் எல்லாமே ஸ்ட்ரிங். 7 என்று தட்டினாலும், 2025-04-15 என்று தட்டினாலும், மைனஸ் 18 என்று தட்டினாலும் நிரலுக்குப் போய்ச் சேருவது வெறும் எழுத்து வரிசை. அதை எண்ணாகவோ தேதியாகவோ ஆக்குவது முழுக்க முழுக்க நம் பொறுப்பு.

டைப் சொல்ல மறந்துவிடுவதுதான் முதல் தவறு. கட்டளைவரியைப் படித்துத் தரும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் தொகுப்பில் டைப் குறிப்பிடாவிட்டால் மதிப்பு ஸ்ட்ரிங்காகவே இருக்கும். இது உடனே வெளியே தெரியாது, ஏனென்றால் இயல்புநிலை மதிப்பாக நாம் 5 என்ற எண்ணைக் கொடுத்து வைத்திருப்போம். ஆப்ஷனைத் தராமல் ஓட்டும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஒருநாள் யாராவது கூடைகளின் எண்ணிக்கையை 7 என்று தருவார்கள். அதை இரண்டால் பெருக்கினால் 14 வராது, 77 வரும். ஒப்பிட்டாலும் வம்புதான்: ஸ்ட்ரிங்காக ஒப்பிடும்போது 9 என்பது 10-ஐ விடப் பெரியது. ஆகவே ஒரு ஆப்ஷனைச் சோதிக்கும்போது, அதைக் கொடுத்தும் ஓட்டுங்கள், கொடுக்காமலும் ஓட்டுங்கள்.

அடுத்தது, தாராள மனசுக்கார ஃபங்ஷன்களை நம்புவது. ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் சி மொழியின் ஏடாய் ஃபங்ஷனிடம் ‘ஏழு’ என்று எழுத்தில் கொடுத்தால் 0 என்று திருப்பித் தரும். பயனர் உண்மையிலேயே 0 கொடுத்தாரா, உளறலைக் கொடுத்தாரா என்று பிரித்தறிய வழியே இல்லை. அதே வேலையைச் செய்யும் எஸ்டிஆர்டூஎல் ஃபங்ஷன், தான் எந்த எழுத்தோடு நின்றது என்பதையும் சொல்லும், எண் அளவுக்கு மீறிப் பெரிதானால் அதையும் சொல்லும். அந்த இரண்டையும் சோதிக்காமல் விட்டால் ஏடாய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜாவாஸ்கிரிப்டில் இதைவிட மோசமான ஒரு குழி உண்டு. நண்டு விலையை நம் ஊர்ப் பழக்கப்படி 1,250 என்று கமா போட்டு எழுதுகிறோம். எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் ஃபங்ஷன் கமாவைக் கண்டதும் நின்றுவிடும், கையில் மிஞ்சுவது 1. ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் ஒரு ரூபாய் ஆகிவிட்டது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதே வேலைக்கான நம்பர் ஃபங்ஷன் கமாவை மறுத்துவிடும், அது நல்லது. ஆனால் வெற்று ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் 0 என்று சொல்லிவிடும். ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாக இருந்தால் போதும், வெற்று ஸ்ட்ரிங் வந்து விழும். அதனால் மாற்றுவதற்கு முன்பே ‘காலியா?’ என்று கேட்டுவிடுங்கள்.

முன்னால் நிற்கும் சைபரையும் கவனிக்க வேண்டும். கட்டளைவரியைப் படிக்கும் கோ மொழியின் ஃப்ளாக் தொகுப்பு 010 என்பதைப் பத்துக்குப் பதில் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாக எடுத்து 8 ஆக்கிவிடும். சி மொழியில் எஸ்டிஆர்டூஎல்லுக்கு அடிமானம் 0 என்று கொடுத்தாலும் இதே கதைதான்.

எண் மாதிரித் தெரிவதெல்லாம் எண்ணும் அல்ல. டோக்கனில் 0148 என்று அச்சடித்திருந்தால் அது ஒரு பெயர். எண்ணாக்கினால் 148 ஆகிவிடும், அப்புறம் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. கைப்பேசி எண், அஞ்சல் குறியீடு, படகுப் பதிவு எண் எல்லாம் இப்படித்தான். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொண்டு, நீளத்தையும் வடிவத்தையும் மட்டும் சோதித்தால் போதும்.

ஆம், இல்லை என்ற மதிப்புகளில் பைத்தான் பழகுபவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருமுறை விழுகிறார்கள். ‘ஐஸ்’ என்று ஒரு ஆப்ஷன் வைத்து, டைப் என்ற இடத்தில், உண்மை/பொய் மதிப்புக்கான பூல் என்று போடுகிறார்கள். பயனர் ‘இல்லை’ என்று கொடுக்கிறார். நிரல் ஐஸ் உண்டு என்று எடுத்துக்கொள்கிறது! பூல் அந்தச் சொல்லின் பொருளைப் படிப்பதில்லை. ஸ்ட்ரிங் காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. காலியில்லாத எதுவும் அதற்கு உண்மைதான், ‘ஃபால்ஸ்’ என்ற சொல் உட்பட. இதற்கு ஸ்டோர்-ட்ரூ என்ற ஆக்ஷனைப் பயன்படுத்துங்கள்: ஆப்ஷன் இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. இரண்டு பக்கமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றால் பைத்தான் 3.9 முதல் பூலியன்ஆப்ஷனல்ஆக்ஷன் இருக்கிறது, அது ‘நோ’ என்று தொடங்கும் எதிர் ஆப்ஷனையும் தானே உண்டாக்கித் தரும். கோ மொழியில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். ஆப்ஷனுக்குப் பிறகு இடைவெளி விட்டு ‘ஃபால்ஸ்’ என்று எழுதினால் ஆப்ஷன் உண்மையாகிவிடும், ‘ஃபால்ஸ்’ தனிச் சொல்லாக நின்றுவிடும், அதற்குப் பின்னால் வரும் ஆப்ஷன்களை அது படிக்கவே படிக்காது. அங்கே சமக்குறி கட்டாயம்.

இனி அலகு. என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இது.

எங்கள் கரையில் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. ‘ஆழம் 7’ என்று ஒருவர் கொடுத்தால் அது 7 பாகமா, 7 மீட்டரா? பாகம் என்றால் கிட்டத்தட்ட 13 மீட்டர் வரும். இரண்டுமே நம்பும்படியான ஆழங்கள். வரம்புச் சோதனை வைத்தும் இதைப் பிடிக்க முடியாது. உதவிக் குறிப்பில் ‘மீட்டரில் தரவும்’ என்று எழுதுவது நல்லதுதான், ஆனால் விடிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்புகிறவர் உதவிக் குறிப்பைத் திறந்து பார்க்க மாட்டார். அலகை மதிப்போடு சேர்த்தே கேட்பதுதான் சரி என்று நான் முடிவு செய்தேன். ‘7பாகம்’ அல்லது ‘13மீ’ என்று தந்தால் ஏற்கும், வெறும் 7 தந்தால் மறுக்கும். கோ மொழியின் கால அளவு டைப் இப்படித்தான் நடந்துகொள்கிறது. வெறும் 90 கொடுத்தால் அலகு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

டிகிரி விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். இப்போது இடத்தை 9:17.0 என்று முக்காற்புள்ளி வைத்துத் தர வேண்டும். முக்காற்புள்ளி இல்லாத எதையும் நிரல் வாங்காது. நிமிடம் 60 அல்லது அதற்கு மேல் வந்தாலும் வாங்காது. 9.75 போன்ற மதிப்பு வந்தால் அது டிகிரி நிமிடமாக இருக்க முடியாது என்று ஊகித்துவிடலாம், ஆனால் 9.17 வந்தால் எதையும் ஊகிக்க முடியாது. சில நேரம் மட்டும் சரியாக வரும் ஊகத்தை இந்த வேலையில் நம்பவே கூடாது.

வரம்புச் சோதனையில் ஒரு நுணுக்கம். பைத்தானின் ஃப்ளோட், ‘என்ஏஎன்’ என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். எண் அல்லாதது என்று பொருள்படும் அந்த மதிப்பு 0-ஐ விடச் சிறியதும் இல்லை, 50-ஐ விடப் பெரியதும் இல்லை. ஆகவே ‘0-க்குக் கீழே போனால் அல்லது 50-க்கு மேலே போனால் மறு’ என்று எழுதிய சோதனையை அது சுலபமாகத் தாண்டிப் போய்விடும். ‘0-க்கும் 50-க்கும் நடுவில் இல்லாவிட்டால் மறு’ என்று திருப்பி எழுதுங்கள், மாட்டிக்கொள்ளும்.

மைனஸ் மதிப்புகளுக்கும் ஒரு வார்த்தை. உறைந்த மீனை மைனஸ் 18 டிகிரியில் வைப்பது வழக்கம், ஆகவே குளிர்கிடங்கு நிரலில் மைனஸ் எப்படியும் வரும். மைனஸில் தொடங்கும் ஒற்றை எண்ணை ஆர்க்பார்ஸ் பொதுவாக எண் என்று புரிந்துகொள்ளும். மைனஸ் 18, மைனஸ் 20 என இரண்டைக் கமாவால் ஒட்டிக் கொடுத்தால் அதைப் புதிய ஆப்ஷன் என்று நினைத்துப் பிழை காட்டும். சமக்குறி போட்டு ஒட்டி எழுதினால் தீர்ந்தது.

தேதிக்கு வருவோம். 03-04-2025 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் மார்ச் 4. ஆண்டு முதலில் வரும் ஐஎஸ்ஓ வடிவத்தை மட்டும் ஏற்றால் குழப்பம் இல்லை. தேதிகளாக மாற்றிய பிறகும் ஒரு இடத்தில் இடறலாம். கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இரண்டு தேதிகளையும் கழித்தால் கிடைப்பது 60. கடைசி நாளும் சேர்த்தியா இல்லையா என்பதை ஆப்ஷனின் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பணத்துக்கு டெசிமல் டைப் நல்லது, ஃப்ளோட் வேண்டாம். ஆனால் அதை நேரடியாக ஆர்க்பார்ஸிடம் கொடுத்தால் ஒரு சங்கடம். ஆர்க்பார்ஸ் டைப்எரர், வேல்யூஎரர், தன்னுடைய சொந்த ஆர்க்யூமெண்ட்டைப்எரர் ஆகிய மூன்றை மட்டுமே பிடித்து அழகான செய்தியாக்கும். தவறான ஸ்ட்ரிங்கைக் கண்டால் டெசிமல் எழுப்புவது வேறு வகைப் பிழை. பயனர் முகத்தில் பத்து வரி டிரேஸ்பேக், அதாவது நிரல் எங்கே உடைந்தது என்ற உள்விவரம், வந்து விழும். நாமே ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதி, உள்ளே அந்தப் பிழையைப் பிடித்து, ஆர்க்யூமெண்ட்டைப்எரராக மாற்றி எழுப்ப வேண்டும்.

அந்தச் செய்தியைத் தமிழிலேயே எழுதலாம். என் நிரல் இப்போது 9.17 வந்தால் இப்படிச் சொல்கிறது: “9.17 புரியவில்லை. டிகிரி:நிமிடம் என்று தரவும். உதாரணம் 9:17.0”. வந்தது என்ன, வேண்டியது என்ன, ஒரு மாதிரி, இந்த மூன்றும் இருந்தால் டிரைவரின் மகன் என்னைக் கூப்பிடாமலேயே சரிசெய்துகொள்கிறான். செய்தியை அச்சிட்டுவிட்டு நிரல் மேற்கொண்டு ஓடக் கூடாது. ஆர்க்பார்ஸ் பிழை வந்தால் 2 என்ற குறியீட்டோடு வெளியேறும், அதை அப்படியே விடுங்கள். இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு அந்தக் குறியீடு மட்டும்தான் கண்.

மதிப்பை மாற்றும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நான் இப்போது கொடுத்துப் பார்ப்பவை: வெற்று ஸ்ட்ரிங், முன்னால் இடைவெளி விட்ட 7, 7கிலோ, 1,250, மைனஸ் 1, என்ஏஎன். இவற்றோடு ௭ என்ற தமிழ் எண்ணையும் சேர்த்துக்கொள்கிறேன். பைத்தானின் இன்ட் அதை 7 என்று சரியாகப் படிக்கும், ௧௨ கொடுத்தால் 12 என்று எடுத்துக்கொள்ளும். பத்தைக் குறிக்கும் ௰ மட்டும் இலக்கமாகச் சேராததால் மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் ஃபங்ஷனுக்கு ௭ கூடத் தெரியாது. தமிழ் எண் விசைப்பலகை வைத்திருக்கும் பெரியவர் யாராவது உங்கள் நிரலை ஓட்டக்கூடும் என்றால், இதற்கும் ஒரு சோதனை எழுதிவிடுங்கள்.