மெய்நிகர் உலகில் வகுப்பு: மாணவர்களைச் சோதிக்கும் தவறுகள்

செகண்ட் லைஃபில் என் முதல் வகுப்புக்குத் தலையில் ஒரு பெட்டியோடு போய் நின்றேன். செகண்ட் லைஃப் ஓர் இணைய மெய்நிகர் உலகம்; அங்கே நமக்காக நடமாடும் உருவத்துக்கு அவதாரம் என்று பெயர், நாமே பொருட்களும் கட்டடங்களும் கட்டலாம். இலவசமாகக் கிடைத்த தலைமுடி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பிரிக்காமல் அப்படியே அணிந்துவிட்டேன். அதைக் கழற்றத் தடுமாறி முடிப்பதற்குள் ஆசிரியர் நாலாவது ஸ்லைடுக்குப் போயிருந்தார்.

பிள்ளைகள்தானே, கேம் ஆடிப் பழகியிருப்பார்கள் என்று ஆசிரியர் நினைப்பது முதல் தவறு. இங்கே நடக்க, உட்கார, பறக்க, கேமராவைத் திருப்ப என ஒவ்வொன்றுக்கும் கை பழக வேண்டும். முதல் வகுப்பில் பாடமே வேண்டாம். சும்மா சுற்றட்டும், யாராவது கடலில் விழட்டும்.

இதைவிடப் பெரிய தவறு, கல்லூரியில் இருக்கும் அதே விரிவுரைக் கூடத்தை அங்கேயும் கட்டுவது. பெஞ்சு, மேடை, திரை எல்லாம் அச்சு அசல். பறக்கத் தெரிந்த அவதாரத்தை வரிசையில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டினால், "இதுக்கு ஒரு வீடியோ போதுமே" என்றுதான் மாணவர் கேட்பார். நியாயமான கேள்வி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ் செய்ததைப் பாருங்கள். மனச்சிதைவு நோயாளிகள் சொன்னதை வைத்து, செகண்ட் லைஃபுக்குள் ஒரு கட்டடத்தை எழுப்பினார். உள்ளே நடந்தால் காதில் குரல்கள் திட்டும், சுவரொட்டியில் இருக்கும் சொல் கண்ணெதிரே வசைச்சொல்லாக மாறும், காலடியில் தரை காணாமல் போகும். புத்தகத்தில் 'பிரமை' என்று ஒரு வரியாகப் படித்ததை அங்கே காதாலும் கண்ணாலும் அனுபவிக்கலாம். உங்கள் பாடத்தில் இப்படி உள்ளே போய்ப் பார்க்க எதுவும் இல்லையென்றால், அந்த வாரம் சாதாரண வகுப்பே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது குழு விவாதம். செகண்ட் லைஃபில் பொதுவில் தட்டச்சு செய்வது 20 மீட்டர் தூரம் வரை எல்லோருக்கும் தெரியும். நான்கு குழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் சந்தைக்கடைதான். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே புரியாது. தள்ளி உட்காரவையுங்கள், இல்லையென்றால் குழு சாட்டுக்கு மாற்றுங்கள்.

லேப்டாப் விஷயம் தெரிந்ததே: நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாதவருக்கு வகுப்பு பாதி நேரம் சாம்பல் நிற உருவங்கள்தான். அவருக்கு மாற்று வழி வையுங்கள். அப்புறம், மாணவர் அங்கே கட்டியதைப் படமாகவும் வீடியோவாகவும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி உலகங்கள் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம்: ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற மெய்நிகர் தளம் 2023-ல் மூடப்பட்டது, மொசில்லா தன் ஹப்ஸ் என்ற மெய்நிகர் அறைச் சேவையை 2024-ல் நிறுத்தியது.

கடைசியாக, வருகைப்பதிவு. சில நிமிடம் கீபோர்டையோ மவுஸையோ தொடாவிட்டால் அவதாரம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். என் தோழி ஒருத்தி வகுப்பு முழுக்க நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்; தூங்கினாள் என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவள் குறிப்பு எழுதவில்லை. மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தாள்.