பழைய ஆர்கேட் விளையாட்டுக்கு எந்தக் கன்ட்ரோலர்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன வயதில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் சரளமாக ஆடிய பேக்-மேனை இப்போது எமுலேட்டரில் (பழைய விளையாட்டைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) போட்டு ஆடுகிறீர்கள். திரும்ப வேண்டிய மூலையில் திரும்பாமல் நேராகப் போய்ப் பேயிடம் மாட்டிக்கொள்கிறது. "விரலில் பழைய வேகம் இல்லை" என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் குறை கன்ட்ரோலரில்தான் இருக்கிறது.

பழைய கன்ட்ரோலரா, புதியதா என்று விவாதிப்பதே முதல் தவறு. அந்த விளையாட்டு முதலில் எந்தக் கருவிக்காக உருவானது என்றுதான் பார்க்க வேண்டும். 1980-ல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேன் இயந்திரத்தில் இருந்தது நான்கு திசை ஜாய்ஸ்டிக். தொடங்கும் பட்டனைத் தவிர வேறு பட்டன் கிடையாது. இன்றைய கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் சின்னக் குச்சியான அனலாக் ஸ்டிக் எல்லாப் பக்கமும் சாயும். மேலே தள்ளும்போது கட்டைவிரல் கொஞ்சம் வலப்பக்கம் நழுவினால், மேல் திசையும் வலத் திசையும் சேர்ந்தே பதிவாகின்றன. அதில் எது உங்கள் விருப்பம் என்பதை எமுலேட்டரோ விளையாட்டோ ஊகிக்க வேண்டியிருக்கிறது. பேக்-மேனில் இந்தச் சின்னக் குழப்பமே உயிரை வாங்கிவிடும். மூலைக்கு வருவதற்குச் சற்று முன்பே திசையைத் திருப்பி வைத்தால் பேக்-மேன் மூலையை வெட்டிக்கொண்டு போகும், பேய்களால் அப்படிப் போக முடியாது. துரத்தலில் தப்பிப்பதே அந்த முன்கூட்டிய திருப்பத்தால்தான். 1981-ல் வந்த டாங்கி காங்கில் ஏணி ஏறும் இடத்திலும் இதே தொல்லை.

இதற்கு எளிய வழி, அனலாக் ஸ்டிக்கை விட்டுவிட்டு டி-பேடில் (கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன்) ஆடுவது. மேம் (MAME) என்னும் ஆர்கேட் எமுலேட்டரில், சாய்வாகத் தள்ளினால் அதை எந்தத் திசையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாமே அமைத்துக்கொள்ளலாம். ஆர்கேட் ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. சன்வா ஜேஎல்எஃப் மாதிரியான ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் சதுரத் தடுப்புத் தகட்டை 45 டிகிரி திருப்பி மாட்டினால் குச்சி நான்கு திசையில் மட்டுமே போகும். ஆனால் அப்படி மாட்டியதை மறந்துவிட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட உட்காராதீர்கள். அதில் தீப்பந்து வீச, கீழிருந்து முன்பக்கத்துக்குச் சாய்வு வழியாகத்தான் குச்சியை உருட்ட வேண்டும்.

அடுத்த தவறுதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். சுழற்றும் குமிழுக்காக உருவான விளையாட்டை அனலாக் ஸ்டிக்கில் ஆடுவது. டெம்பெஸ்ட் (1981), அர்கனாய்டு (1986) இரண்டும் ஸ்பின்னர், அதாவது அந்தச் சுழற்றும் குமிழ், விளையாட்டுகள். மிஸைல் கமாண்டும் சென்டிபீடும் கையால் உருட்டும் பந்தான டிராக்பாலுக்காக உருவானவை. ஸ்பின்னரை எவ்வளவு திருப்புகிறோமோ அர்கனாய்டில் பந்தைத் தடுக்கும் மட்டை அவ்வளவு நகரும், கை நின்றால் அதுவும் நிற்கும். அனலாக் ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது, விரலை எடுத்தால் நடுவுக்குத் திரும்பிவிடும். அதனால் எவ்வளவு தூரம் என்பதை அதால் சொல்ல முடியாது, எவ்வளவு வேகம் என்பதை மட்டுமே சொல்லும். பந்து ஓரத்தில் விழும்போது மணிக்கட்டின் ஒரே சுண்டலில் மட்டையை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது ஸ்பின்னரில் இயல்பாக வரும். ஸ்டிக்கில் மட்டை ஒன்று போய்ச் சேராது, இல்லையென்றால் தாண்டிப் போய்விடும்.

ஸ்பின்னர் தேடி அலைய வேண்டியதில்லை, சாதாரண மவுஸ் போதும். டிராக்பாலும் மவுஸும் ஒரே வகை, இரண்டுமே நகர்ந்த தூரத்தைத்தான் சொல்கின்றன. மவுஸை இணைத்ததும் உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றிவிடுவது பலருடைய பழக்கம், அப்புறம் மட்டை துள்ளும். குறைவாக வைத்துத் தொடங்கி, ஒரு சுண்டலில் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் வரை மட்டும் கூட்டுங்கள்.

விண்கப்பல் விளையாட்டான அஸ்டராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது, ஐந்து பட்டன்கள்தான். திருப்புவதையும் உந்துவதையும் ஒரே ஸ்டிக்கில் வைத்தால், திருப்பும்போதே கப்பல் தானாக உந்திக்கொண்டு ஓடும். பட்டனைப் பட்டனாகவே வையுங்கள். ரோபோட்ரான் 2084-க்கு நேர்மாறான கதை. 1982-ல் வந்தபோதே அதில் இரண்டு ஜாய்ஸ்டிக் இருந்தன, ஒன்று நடக்க, மற்றது சுட. இங்கே இரண்டு ஸ்டிக் உள்ள புதிய கன்ட்ரோலர்தான் சரி, ஒற்றைக் குச்சியுள்ள எந்தப் பழைய கருவியும் இதற்கு ஈடாகாது.

பழைய கருவிதான் வேண்டும் என்பவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். அட்டாரி 2600 ஜாய்ஸ்டிக்கிலும் சேகா மெகா டிரைவ் கன்ட்ரோலரிலும் ஒன்பது பின் கொண்ட, ஒரே வடிவப் பிளக் இருக்கிறது. உள்ளே வயரிங் வேறு. பொருந்துகிறதே என்று கொமடோர் 64 போன்ற பழைய கணினியில் மெகா டிரைவ் கன்ட்ரோலரைச் சொருகினால் கணினியே பழுதாகலாம். இன்னொன்று சுத்தம் செய்வது. பழைய ஆர்கேட் பட்டன்களில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும் அமைப்பு இருக்கும். தொடர்பு விட்டுப்போனால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு போய்விட்டால் அந்தத் தகடு மீளாது. கெட்டியான காகிதத்தை நடுவில் வைத்து, பட்டனை மெதுவாக அழுத்திக்கொண்டு இழுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அட்டாரி 2600-ன் சுழற்றும் குமிழைத் திருப்பும்போது மட்டை நடுங்குகிறது என்றால் குமிழின் உள்ளே தூசி. அதற்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரைப் பயன்படுத்துங்கள், துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அல்ல.

நின்டெண்டோவின் டக் ஹன்ட் விளையாட்டுக்கான துப்பாக்கியைப் புதிய டிவியில் இணைத்து, சுடவில்லையே என்று கழற்றிப் பார்ப்பதும் வீண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி தேடுகிறது. பழைய பிக்சர் டியூப் டிவியின் நேரக்கணக்குக்கு அது அமைந்திருக்கிறது, எல்சிடி திரை தாமதமாகக் காட்டுவதால் தவறவிடும். துப்பாக்கியில் குறையே இல்லை.

அந்தத் தாமதம் மற்ற விளையாட்டுகளையும் கெடுக்கும். கன்ட்ரோலரை மாற்றும் முன் டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போகும்.

கடைசியாக, அழுத்திப் பிடித்தால் தானாகத் தொடர்ந்து சுடும் டர்போ பட்டன். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் உங்கள் குண்டு ஒரு நேரத்தில் ஒன்றுதான் திரையில் இருக்க முடியும், கேலகாவில் ஒரு கப்பலுக்கு இரண்டு. குறி தவறிய குண்டு திரையைத் தாண்டும் வரை அடுத்தது கிளம்பாது. டர்போ போட்டால் வேகம் கூடாது, குறி பார்க்காத குண்டுகள் போய் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அதை அணைத்துவிட்டு, முந்தைய குண்டு எங்கே போகிறது என்று பார்த்தபடி ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.