வேலூர் பக்கம் கல்வெட்டு, சமணர் குகை, பாறை ஓவியம் பார்க்கப் போறீங்களா? இப்படி ரெடி ஆகுங்க

ஞாயித்துக்கிழமை விடிகாலைல பைக் எடுத்தா, வெயில் ஏறுறதுக்குள்ள ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான எழுத்து முன்னாடி போய் நிக்கலாம், நம்ம வேலூர சுத்தி அப்படி மலைங்க இருக்கு. ஆனா நிறைய பேர் போறாங்க, பாறைய ஒரு சுத்து சுத்தி பார்க்கறாங்க, போட்டோ எடுத்துட்டு "ஒண்ணும் புரியலப்பா"ன்னு இறங்கி வந்துடறாங்க. எனக்கும் முதல் ரெண்டு மலை அப்படித்தான் போச்சு. அப்புறம் தான் தெரிஞ்சது, அங்க என்ன எழுதியிருக்குன்னு வீட்டுலயே படிச்சிட்டு போகணும், மலைல போய் புதுசா படிக்க ஆரம்பிச்சா நடக்காது.

அதனால முதல் வேலை, தென்னிந்தியக் கல்வெட்டுகள் (South Indian Inscriptions) முதல் தொகுதிய தேடி எடுங்க. 1890ல ஹூல்ஷ்ங்கற கல்வெட்டு அறிஞர் பதிப்பிச்சது, நம்ம பக்கத்து ஊருங்க அதுல நிறைய வரும், விரிஞ்சிபுரம் இருக்கு, படவேடு இருக்கு, போளூர் திருமலை இருக்கு. இன்டர்நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. ஒரு குழப்பம் மட்டும் வரும், பழைய புக்ல எல்லாமே "வட ஆற்காடு ஜில்லா"ன்னு தான் போட்டிருக்கும், 1989ல அது ரெண்டாச்சு, 2019ல வேலூர் மறுபடி மூணா பிரிஞ்சது, அதனால திருமலை இப்ப திருவண்ணாமலை மாவட்டம், பஞ்சபாண்டவர் மலை ராணிப்பேட்டை, ஆர்மாமலை திருப்பத்தூர். தாலுகா பேர வெச்சு தேடாம கிராமத்து பேர வெச்சு மேப்ல தேடுங்க, அதுவும் பழைய பேர் புது பேர் ரெண்டையும் போட்டு.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது பஞ்சபாண்டவர் மலை. ஆற்காட்டுக்கு தென்மேற்கே, விளாப்பாக்கம் கிட்ட. பாண்டவருக்கும் அந்த மலைக்கும் சம்பந்தம் இல்ல, சமணர் இருந்த மலை அது, கல்வெட்டுல அதோட பேரு திருப்பான்மலை. அங்க பல்லவ ராஜா நந்திப்போத்தரசரோட 50வது ஆட்சியாண்டுல, அதாவது 8ஆம் நூற்றாண்டுல, நாரணன்னு ஒருத்தர் பொன்னியக்கியாருக்கு, அதாவது ஒரு சமண யட்சிக்கு, படிமம் வெட்டுவிச்சதா எழுதியிருக்கு. அந்த பொன்னியக்கியாருங்கற ஒரு வார்த்தைய மட்டும் கண்டுபிடிங்க, போதும். ஆனா நீங்க நினைக்கற மாதிரி அது இருக்காது, புள்ளி வெக்கற வழக்கம் அப்ப பெரும்பாலும் கிடையாது, அதனால "பொனனியககியார"ன்னு தான் நிக்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் வித்தியாசம் தெரியாது, துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி இருக்கும். என்ன வார்த்தைன்னு தெரிஞ்சிட்டு போனா தான் கண்ணு புடிக்கும். ன ன-ன்னு ரெண்டு பக்கத்துல பக்கத்துல வர்றத முதல்ல புடிச்சேன், அதுக்கப்புறம் க க, அவ்ளோ தான், மொத்த வார்த்தையும் மேல எழும்பி வந்தா மாதிரி இருந்தது. அன்னிக்கு எனக்கு கை நடுங்குச்சு, உண்மையா சொல்றேன்.

விளாப்பாக்கத்தையும் விட்டுடாதீங்க. திருப்பான்மலைல இருந்த அரிஷ்டநேமிங்கற சமணத் துறவியோட மாணவி பட்டினிக்குரத்தி அடிகள்னு ஒரு பெண் துறவி கிணறு வெட்டுவிச்ச சேதி அந்த ஊர் கல்வெட்டுல இருக்கு, முதலாம் பராந்தகன் காலம். பொம்பளைங்களுக்குன்னு தனி பள்ளி, அதாவது சமண மடம், நடந்த ஊரு அது. ராஜா சண்டைய விட எனக்கு இந்த கிணறு தான் பெருசா தெரியுது.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். உச்சி வெயில்ல எழுத்து செத்துப் போயிடும், சூரியன் சாய்வா இருக்கும்போது தான் வெட்டுக்குள்ள நிழல் விழுந்து எழுத்து தெரியும், அதனால காலைல ஏழுல இருந்து எட்டரை, இல்லன்னா சாயங்காலம். நிழல்ல இருக்கற பாறைன்னா ஒரு டார்ச்ச பாறையோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல புடிங்க, இல்ல ஒருத்தர் வெளிய நின்னு முகம் பார்க்கற கண்ணாடியால வெயில உள்ள திருப்பி விடலாம், இதுக்கு கூட ஒரு ஆள் வேணும். தனியா போகவே போகாதீங்க. பாறை இடுக்குல மலைத்தேனீ கூடு இருக்கும், சென்ட் போட்டுட்டு போறது, பீடி சிகரெட் புகை இதெல்லாம் அறவே வேணாம்.

வள்ளிமலைக்கு போறவங்க ஒண்ணு தெரிஞ்சிக்கணும், அங்க சமணச் சிற்பம் பக்கத்துல இருக்கறது கன்னடக் கல்வெட்டு. கங்க மன்னன் ராசமல்லன் எடுப்பிச்ச பள்ளி, 9ஆம் நூற்றாண்டு. தமிழ்னு நினைச்சு ஒரு மணி நேரம் முட்டி மோதினவங்க இருக்காங்க. முருகன் கோயில் கூட்டம் இல்லாத நாளா பார்த்து போனா நிம்மதியா பார்க்கலாம்.

ஓவியத்துக்கு ஆர்மாமலை, ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் மலையாம்பட்டு கிட்ட. இயற்கையான குகை, உள்ள மண் செங்கல் சுவர் வெச்சு அறை கட்டியிருந்த அடையாளம் இருக்கு, விதானத்துல தாமரைக்குளமும் ஆட்டு மேல உட்கார்ந்த அக்னியும், சித்தன்னவாசல் பார்த்தவங்களுக்கு உடனே அது ஞாபகம் வரும். நிறைய உதிர்ந்து போச்சு. மங்கின நிறத்த பார்க்க டி-ஸ்ட்ரெட்ச் (DStretch)னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஃபோன்லயும் ஓடும், செங்காவி கோட்டுக்கு அதுல இருக்கற ஒய்ஆர்ஈ (YRE), எல்ஆர்ஈ (LRE)ங்கற ரெண்டு கலர் செட்டிங்கையும் மாத்தி மாத்தி வெச்சு பாருங்க. வெறும் கண்ணுக்கு பாறைக் கறைன்னு தோணினது ஆளா மிருகமா எழும்பி வரும். எங்கயாவது வரலாற்றுக்கு முந்தின பாறை ஓவியம் பார்த்தாலும் இதே வழி தான். அதுல வர்ற கலர் நிஜ கலர் இல்ல, அதனால ஒரிஜினல் போட்டோவையும் சேர்த்தே வெச்சிக்கணும்.

இப்ப கெஞ்சி கேட்டுக்கறேன். ஓவியத்து மேல தண்ணி தெளிக்காதீங்க, "நனைச்சா பளிச்னு தெரியும்"னு கூட்டிட்டு போறவங்களே சொல்லுவாங்க, கேக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காவி கரைஞ்சு போகுது. எழுத்துல சாக்பீஸ் தேய்க்கறது, எண்ணெய் தடவறது, மைதா பூசறது எல்லாமே தப்பு. மைப்படி எடுக்கறது, அதாவது ஈரக் காகிதத்த எழுத்து மேல ஒட்டி மை தட்டி நகல் எடுக்கறது, தெரிஞ்சவங்க அனுமதியோட செய்யற வேலை, நமக்கு போட்டோ போதும். ஒரு மலைல நான் போன வருஷம் பார்த்த மூணு வரி கல்வெட்டு மேல இந்த வருஷம் எவனோ காதலி பேர ஆயில் பெயின்ட்ல எழுதி வெச்சிருக்கான், நடு வரி மொத்தமா போச்சு, நான் எடுத்த போட்டோல தான் இப்ப அது இருக்கு. அதனால ஒவ்வொரு வரியையும் தனித்தனியா, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு, பாறைல ஒட்டாம, எடுத்து வெச்சிக்குங்க, தேதி போட்டு.

புக்ல இல்லாத எழுத்து எதுவாச்சும் கண்ணுல பட்டா லொகேஷன ஊர் முழுக்க ஷேர் பண்ணாதீங்க, புதையல் தோண்டறவன் தான் முதல்ல வருவான். போட்டோவோட தொல்லியல் துறைக்கு எழுதுங்க, கிராமத்துல பெரியவங்க ரெண்டு பேருக்கு அது என்னன்னு உட்கார்ந்து படிச்சு காட்டுங்க. "எங்க தாத்தா காலத்துல இருந்து இது மேல தான் கேழ்வரகு காயப் போடுவோம் சாமி, எழுத்துன்னே தெரியாது"ன்னு ஒரு பாட்டி எங்கிட்ட சொன்னாங்க, அடுத்த தடவை போனப்ப அந்த பாறைய சுத்தி முள்ளு வெட்டி வேலி வெச்சிருந்தாங்க.