இழுக்கும் பலத்தைக் கேட்டார்கள், நிறுத்தும் பலத்தைக் கேட்கவில்லை: புதிய லொறி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் வழமைக்குத் திரும்பத் தொடங்கியது. அதுவரை பழைய லொறியை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்த புறக்கோட்டை முதலாளிமார் பலர் இப்போது காட்சியறைகளுக்கு ஏறி இறங்குகிறார்கள். ஐந்தாம் குறுக்குத்தெருவில் அரிசி, சீனி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், லொறிச் சாரதியான என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் நான்கு கம்பனிகளின் கையேடுகள் விரித்துக் கிடந்தன.

"தம்பி, இதில் எதற்குக் குதிரைவலு கூட?"

"அதை விடுங்கள் முதலாளி. மேலே என்ன ஏற்றுகிறீர்கள்? கீழே என்ன ஏற்றி வருகிறீர்கள்?"

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. மலைநாட்டுப் பாதையில் ஓடியவர்களுக்கு விளங்கும். கொழும்பிலிருந்து ஏறும்போது மாவும் சீனியும். இறங்கும்போது தேயிலையும் மரக்கறியும். 1883 முதல் தேயிலை ஏலம் கொழும்பில் நடப்பதால், ஹட்டனில் பொதி செய்த தேயிலைத்தூள் எப்படியும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். பாரத்தோடு ஏறமுடியாத லொறி வழியில் நின்றுவிடும், அவமானம், அவ்வளவுதான். பாரத்தோடு இறங்கும்போது நிற்கமுடியாத லொறியின் கதை வேறு.

ஒருமுறை தேயிலை மூட்டைகளோடு, கண்டிப் பாதையின் மலைச்சரிவான கடுகண்ணாவையில் இறங்கிக்கொண்டிருந்தேன். குடைந்த பாறையைத் தாண்டி நாலைந்து வளைவு வந்ததும் கருகல் மணம். யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்றான் கிளீனர் பையன். கருகியது எங்கள் பிரேக் லைனர். கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. சில்லோடு சுற்றும் டிரம்மை லைனர் அழுத்திப் பிடித்தால்தான் லொறி நிற்கும். அந்த டிரம் சூடேறினால் விரியும். லைனர் அதைத் தொட இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். தொட்டாலும் சூட்டில் பிடிப்புக் குறையும். மாவனல்லைக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடையோரம் ஒதுக்கி நிறுத்தினேன். சில்லுகளில் புகை. எக்ஸாஸ்ட் பிரேக்கின் வால்வில் கரி அடைத்து, அது பல வாரமாகவே வேலை செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஆகவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் இருக்கிறதா, ரிட்டார்டரும் உண்டா? எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே தடையாக மாற்றுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் அதன் பிடி நன்றாக இருக்கும் என்பதால் கீழ்க் கியரில் இறங்க வேண்டும். ரிட்டார்டர் கியர்ப்பெட்டிப் பக்கம் பொருத்தப்பட்டு, லைனரைத் தொடாமலே வேகத்தைக் குறைப்பது. விலை கூட, ஆனால் மலைப்பாதையில் தினமும் ஓடுகிறவருக்கு லைனரில் மிச்சம் பிடிக்கலாம். கொழும்பு - யாழ்ப்பாணம் மட்டும் ஓடுகிறவருக்கு அவ்வளவு அவசியமில்லை. ஏ9 பாதை பெரும்பாலும் சமதரை.

குதிரைவலு பொய்யான கணக்கல்ல. ஆனால் அது எஞ்சின் உச்ச வேகத்தில் சுற்றும்போது கிடைக்கும் எண். ஏற்றத்தில் நாம் உச்ச வேகத்திலா போகிறோம்? முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தண்டைத் திருப்பும் பலம், எந்தச் சுற்றில் தொடங்கி எந்தச் சுற்று வரை குறையாமல் நிற்கிறது என்பதே சாரதிக்கு வேண்டியது. நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கும் 1,600 சுற்றுக்கும் இடையில் தளராமல் இழுக்கும் எஞ்சினில் கியர் மாற்றும் தொல்லை பாதியாகக் குறையும். கூடவே பின் அச்சின் விகிதத்தையும் கேளுங்கள். 6 என்றால் தண்டு ஆறு முறை சுற்றினால் சில்லு ஒருமுறை சுற்றும். இழுக்கும், ஆனால் நெடுந்தூரத்தில் டீசலைக் குடிக்கும். 4 என்றால் மறுபக்கம். ஒரே பெயருடைய லொறி இரண்டு விகிதத்திலும் வரலாம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஏற்றக்கூடிய பாரத்திலும் ஏமாறுகிறார்கள். மொத்த எடை 16 டன், சேசிஸ் 5 டன் என்று வைத்துக்கொள்வோம். 11 டன், அதாவது 50 கிலோ மூட்டை 220 போடலாம் என்று முதலாளி மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். அந்த 5 டன் பெட்டி கட்டாத வெறும் சேசிஸ். இரும்பும் பலகையுமாகப் பெட்டி கட்டினால் அது 2 டன்னைத் தின்னும். 180 மூட்டையில் கணக்கு முடிந்தது. மிச்ச 40 மூட்டையையும் ஏற்றச் சொன்னால் பொலிஸிடம் மாட்டுகிறவன் சாரதி.

இனி, பெயரைப் பார்த்து வாங்குவது. ஜப்பான் என்றால் நல்லது, இந்தியா என்றால் மலிவு, சீனா என்றால் பயம் என்று மூன்று பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். நான் தொழில் பழகிய பெரியவர் டாட்டாவைக் கடைசிவரை 'பென்ஸ்' என்றுதான் சொன்னார். டாட்டா 1954 முதல் 1969 வரை பென்ஸ் கம்பனியின் கூட்டில் லொறி செய்ததன் மிச்சம் அது. ஐஷர் லொறிகளைச் செய்யும் கம்பனியில் 2008 முதல் ஸ்வீடனின் வொல்வோ பங்காளி. வொல்வோ கையில் இருந்த ஜப்பான் லொறிக் கம்பனி யூடி 2021இல் இசுசுவிடம் போயிற்று. அசோக் லேலண்டுக்கு ஹோமாகமைப் பக்கம் பனாகொடையிலேயே பொருத்தும் தொழிற்சாலை இருக்கிறது. நெற்றியில் ஒட்டிய பெயரை வைத்து என்னத்தைச் சொல்ல?

பெயரைவிட நம்பத்தக்க சோதனை, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இருக்கிறது. வாங்க நினைக்கும் லொறியின் மாதிரி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு நாலு கடை ஏறுங்கள். கிளச் தட்டு, பிரேக் லைனர், வாட்டர் பம்ப், முன் கண்ணாடி: நான்கையும் விலை கேளுங்கள். உடனே எடுத்து வைத்தால் நல்லது. 'ஓடர் போட வேண்டும்' என்றால் எத்தனை நாள் என்று கேட்டு, அத்தனை நாள் லொறி சும்மா நிற்கும்போதும் லீசிங் தவணை ஓடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டீசலும் அப்படித்தான். புதிய எஞ்சின்களின் இன்ஜெக்டர்கள் தண்ணீரையும் தூசையும் பொறுக்காதவை. சாதாரண ஓட்டோ டீசலில் ஓடலாமா, சூப்பர் டீசல்தான் அடிக்க வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் கேட்கும் வகை என்றால், அது உங்கள் பாதையில் எங்கே கிடைக்கும் என்பதையும் கேளுங்கள்.

கெபினில் முதலாளி இரண்டு நிமிடம் உட்கார்ந்து குளிரூட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்குகிறார். துறைமுகத்திலிருந்து பேலியகொடைக்கு நெரிசலில் போகும்போது இடது கால் எத்தனை முறை கிளச்சை மிதிக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் வேறுவிதமாகப் பார்ப்பார். இடதுபுறக் கண்ணாடியில் முன் சில்லின் ஓரம் தெரிகிறதா? புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமியின் கைவண்டியும் முச்சக்கர வண்டியும் அந்த மூலையில்தான் வந்து ஒளிந்துகொள்ளும்.

கடைசியில் அந்த முதலாளியிடம் வெறும் லொறியை ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்றேன். பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க இரண்டு கம்பனிகள் ஒத்துக்கொண்டன. அவருடைய அரிசி மூட்டைகளையே ஏற்றி, கடுகண்ணாவை ஏறி, அதே பாரத்தோடு இறங்கினோம். முதல் லொறியில், என் பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைத் தேடிக் காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார். மறுநாள் இரண்டாவது லொறியில் இறங்கியபோது காலை மடித்து வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டார். மாவனல்லையில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது குதிரைவலுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதத் தவணை எவ்வளவு என்றுதான் கேட்டார்.