செயற்கை உறுப்பும் தாங்குகருவியும் பொருத்தும் துறை: முதுநிலைப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதும் முடிப்பதும்

முழங்காலுக்கு மேல் கால் அகற்றப்பட்ட ஒருவர், புதிய செயற்கைக் காலை அணிந்து நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலை அந்தப் பக்கமாகவே சாய்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் சற்றுக் குட்டையாக அமைந்திருக்கலாம். எஞ்சிய தொடை செருகப்படும் உறையான சாக்கெட்டின் வெளிச்சுவர் தொடை எலும்பைப் போதிய அளவு தாங்காமல் இருக்கலாம். இடுப்பின் பக்கத் தசைகள் வலுவிழந்திருக்கலாம். உட்சுவர் கவட்டையில் அழுத்துவதால், வலியிலிருந்து தப்பிக்க அவரே அப்படிச் சாயலாம். முந்தைய காலோடு பல ஆண்டுகள் நடந்து படிந்துபோன பழக்கமாகவும் இருக்கலாம். காலின் நீளத்தை மாற்றுவது சில நிமிட வேலைதான். ஆனால் மாற்ற வேண்டியது நீளத்தையா, சாக்கெட்டையா, உடற்பயிற்சித் திட்டத்தையா என்று பிரித்தறிவது வேறு வகைத் திறன். முதுநிலைப் பயிற்சி என்பது முதன்மையாக அந்தத் திறனுக்கான பயிற்சியே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எங்கே சேர்வது, எதைக் கேட்பது, எதில் நேரம் செலவிடுவது என்ற கேள்விகள் பெருமளவு தெளிவாகிவிடும்.

முதுநிலைப் பட்டம் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படிப்புகள் இருப்பதை விண்ணப்பதாரர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, வேறு துறையில் இளநிலை முடித்தவரைத் தொழிலுக்குள் கொண்டுவரும் நுழைவுநிலைப் படிப்பு. அமெரிக்காவில் இன்று தொழிலுக்கான வாயிலே இந்த முதுநிலைப் பட்டம்தான். மற்றொன்று, இத்துறையிலேயே இளநிலை முடித்தவருக்கான மேற்படிப்பு. இந்தியாவில் இளநிலைப் பட்டமே தொழில் செய்யப் போதுமான தகுதியாக இருப்பதால், அங்கு முதுநிலை என்பது ஆழப்படுத்திக்கொள்வதற்கும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் உரியது. முதல் வகையில் சேர்ந்தவர், உறுப்பின் வடிவத்தைப் பிளாஸ்டரில் அச்சு எடுப்பதிலிருந்து தொடங்குவார். இரண்டாம் வகையில் சேர்ந்தவருக்கு அது தெரியும் என்றே ஆசிரியர்கள் எடுத்துக்கொள்வார்கள். இயன்முறை மருத்துவமோ இயந்திரப் பொறியியலோ படித்தவர் பெயரை மட்டும் பார்த்து இரண்டாம் வகைக்கு விண்ணப்பித்தால், நிராகரிப்புக் கடிதம் வருவது உறுதி.

ஆகவே பல்கலைக்கழகத்தின் புகழைப் பார்ப்பதற்கு முன், எந்த நாட்டில் பணிபுரிய விரும்புகிறீர்களோ அந்த நாட்டின் உரிமம் அல்லது பதிவு விதிகளைப் படியுங்கள். பிரிட்டனில் சுகாதார மற்றும் பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தில் பதிவு பெறாமல் இத்தொழிற்பெயரைப் பயன்படுத்த முடியாது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மறுவாழ்வு மன்றத்தின் பதிவு தேவை. 1970இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் புராஸ்தெட்டிக்ஸ் (செயற்கை உறுப்பு) மற்றும் ஆர்த்தோட்டிக்ஸ் (தாங்குகருவி) சங்கம் பல நாடுகளில் உள்ள படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகாரம் வழங்குகிறது; உலக சுகாதார அமைப்பு அச்சங்கத்துடன் இணைந்து 2017இல் இத்துறைச் சேவைக்கான தரநிலைகளை வெளியிட்டது. இந்தப் பன்னாட்டு அங்கீகாரம் நாடு விட்டு நாடு செல்லும்போது உதவும். ஆனால் அது உள்ளூர் உரிமத்துக்கு மாற்றாகாது என்பதைத் தனியே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டை வீணாக்காதீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், இயற்பியல், புள்ளியியல் ஆகியவை நுழைவுநிலைப் படிப்புகளில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் பாடங்கள். இவற்றில் விடுபட்டதை முன்கூட்டியே முடித்துவிடலாம். அதைவிட முக்கியமானது, இவ்வுறுப்புகளையும் கருவிகளையும் செய்து பொருத்தும் மையமான ஒரு பொருத்தகத்தில் அனுமதி பெற்றுச் சில வாரங்களேனும் உடனிருந்து பார்ப்பது. பிளாஸ்டர் தூசியும் ரெசினின் நெடியும் நீரிழிவுப் புண்ணின் வாடையும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது எந்தக் கையேட்டைப் படித்தாலும் தெரியாது. அங்கு பார்த்ததை நோயாளியின் அடையாளம் இல்லாமல் எழுதிவைத்தால், நேர்காணலில் பேசுவதற்கு அதுவே போதுமான பொருள். கைவினைத் திறனைக் காட்டும் தச்சு வேலையோ தையலோ உலோக வேலையோ செய்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். தேர்வாளர்கள் அதைச் சிறிதாக எண்ண மாட்டார்கள்.

படிப்புக்குள் நுழைந்த பிறகு அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் சாக்கெட். முழங்காலுக்குக் கீழ் எஞ்சிய காலின் மீது ஈரமான பிளாஸ்டர் கட்டைச் சுற்றி அச்சு எடுத்து, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி, காலின் வடிவத்தில் ஒரு மாதிரி செய்கிறோம். அந்த மாதிரியை அப்படியே பின்பற்றிச் சாக்கெட் செய்தால் அதை அணிய முடியாது. ஏனெனில் உடலின் எல்லா இடமும் ஒரே அளவு அழுத்தத்தைத் தாங்குவதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் எடையைத் தாங்கும். கீழ்க்காலின் வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பான புற எலும்பின் தலை, முன்னெலும்பின் கூர்விளிம்பு, எலும்பு வெட்டப்பட்ட முனை ஆகியவை தாங்கா. எனவே தாங்கும் இடத்தில் மாதிரியைச் செதுக்கியும், தாங்காத இடத்தில் பிளாஸ்டரைச் சேர்த்தும் திருத்துகிறோம். 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான தசைநாண் தாங்கு சாக்கெட் இந்தக் கருத்தில் எழுந்தது. பின்னர் சாக்கெட்டுக்குள் காலின் மீது அணியும் மென்மையான சிலிக்கோன் உறைகள் வந்தபோது, அழுத்தத்தை முழுப் பரப்பிலும் பகிர்ந்தளிக்கும் முறை பரவியது. இரண்டையும் கற்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் செதுக்கினீர்கள், அணிந்து கழற்றிய பின் தோல் எங்கே சிவந்தது, அந்தச் சிவப்பு எவ்வளவு நேரத்தில் மறைந்தது என்பவற்றை ஒவ்வொரு நோயாளிக்கும் குறித்துவையுங்கள். இரண்டாம் ஆண்டில் அந்தக் குறிப்பேட்டை விட மதிப்புள்ள பாடநூல் உங்களிடம் இருக்காது. முப்பரிமாண ஸ்கேனரும் அச்சு இயந்திரமும் இன்று பாடத்திட்டத்தில் வந்துவிட்டன. ஆனால் ஸ்கேனர் தோலின் வடிவத்தை மட்டுமே பார்க்கிறது, அதன் அடியில் இருப்பது மென்தசையா தழும்பா என்பதை விரல்தான் சொல்லும்.

இருக்கும் உறுப்பைத் தாங்கவும் திருத்தவும் வெளியே அணியும் பிரேஸ் போன்ற கருவிகளைச் செய்யும் தாங்குகருவிப் பிரிவைச் செயற்கைக் காலைவிட எளியது என்று கருதும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு, அது தவறு. செயற்கைக் காலில் இல்லாத உறுப்புக்கு ஈடு செய்கிறோம். இங்கோ வளர்கிற, வலிக்கிற, சில வேளை உணர்விழந்த உறுப்பின் மீதே விசை செலுத்துகிறோம். ஒரு பக்கம் ஒரு விசையும் எதிர்ப்பக்கம் மேலும் கீழும் இரண்டு விசைகளும் என்ற மூன்று புள்ளிக் கோட்பாட்டை வரைபடத்தில் புரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். பக்கவாதத்தால் பாதம் தொங்கும் ஒருவரின் கணுக்கால் பிரேஸில் எவ்வளவு விறைப்பு வைத்தால் முழங்கால் பின்னோக்கி வளையாது என்று கணிக்க நீண்ட பழக்கம் வேண்டும். பிறவிக் கோணற்பாதத்துக்கான பொன்செட்டி முறையில், மாவுக்கட்டுகளால் பாதத்தைத் திருத்திய பிறகு, பிரேஸை முதல் மூன்று மாதங்கள் நாளுக்கு ஏறக்குறைய 23 மணி நேரமும், பின்னர் நான்கு வயது வரையேனும் உறக்க நேரத்திலும் அணிவிக்க வேண்டும். அது கைவிடப்பட்டால் கோணல் திரும்பி வரும். ஆகவே பெற்றோரிடம் பேசக் கற்பதும் இந்தப் பாடத்தின் பகுதியே.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது புதுமையை விட அளக்கத்தக்கதாக இருப்பதையே தேடுங்கள். நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த வளரிளம் பருவத்தினரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான பிரேஸ் ஆய்வு ஒரு முன்மாதிரி. பிரேஸ் அணிந்தோரில் 72 விழுக்காட்டினரிடமும், வெறுமனே கண்காணிக்கப்பட்டோரில் 48 விழுக்காட்டினரிடமும், அறுவை சிகிச்சைக்குரிய அளவை வளைவு எட்டவில்லை. அதோடு, பிரேஸுக்குள் வைத்த வெப்ப உணரியால் அணிந்த நேரத்தை அளந்ததால், அதிக நேரம் அணிந்தவர்களுக்கு அதிகப் பயன் கிடைத்ததும் தெரியவந்தது. உங்கள் ஆய்வு இதில் நூறில் ஒரு பங்கு அளவே இருந்தாலும் போதும். ஆறு நிமிட நடைச் சோதனை போன்ற ஏற்கப்பட்ட அளவுகோலைப் பயன்படுத்தி, தலையீட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் அளந்தால் அது பயன்படும் ஆய்வாகும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், முதலாண்டு முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பட்டத்துக்குப் பிறகான மேற்பார்வைப் பயிற்சி நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் செயற்கை உறுப்பு, தாங்குகருவி ஆகிய இரு பிரிவுகளையும் சேர்த்துச் செய்தால் 18 மாதங்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் என்றால் 12 மாதங்கள். அதன் பிறகு எழுத்துத் தேர்வும் நோயாளியைக் கையாளும் திறனைச் சோதிக்கும் செய்முறைத் தேர்வும் உண்டு. பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் கருவிகளையும் பார்த்து மயங்காமல் மூன்றைக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நோயாளிகளை நானே மதிப்பிடுவேன், அச்சு முதல் இறுதிப் பொருத்தம் வரை ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்க முடியுமா, ஆறு மாதங்கள் கழித்து அவர் திரும்பி வரும்போது நான் அங்கே இருப்பேனா. மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைக்கும் இடத்தை, ஊதியம் சற்றுக் குறைவாக இருந்தாலும், முதலில் வையுங்கள். அறுவைக்குப் பின் வீக்கம் வடிந்து கால் சுருங்கும்போதுதான், முதலில் கச்சிதமாக இருந்த சாக்கெட் தளர்ந்து, உங்கள் முதல் தீர்மானம் எவ்வளவு சரியாக இருந்தது என்று தெரியவரும்.