மலைநாட்டிலிருந்து கடலடிக் கப்பலுக்கு: முதல் தடவை டைவ் செய்யப் போகிறவர்களுக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது கடலுக்கடியில் கிடக்கும் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் கடற்கரை ஹோட்டலில் தங்கிவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. டைவ் முடிந்ததும் பஸ் பிடித்து மலை ஏறி வீட்டுக்குப் போகிற நமக்கு அதில் ஒரு முக்கியமான விஷயம் சரியாக இருக்காது. அதனால் இந்த விளக்கத்தைக் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: வீடு திரும்பும் நேரத்தை முதலில் குறித்து வையுங்கள்

தண்ணீருக்கடியில் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைதரசன் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், ஆனால் உடனே அல்ல, பல மணிநேரம் எடுக்கும். அது முழுவதும் போவதற்குள் நீங்கள் உயரமான இடத்துக்கு ஏறினால் சுற்றியுள்ள காற்றழுத்தம் இன்னும் குறைகிறது, சோடாப் போத்தலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழிகள் உருவாகலாம். மூட்டு வலி, கை கால் விறைப்பு, தோலில் தடிப்பு, தலைசுற்றல், காரணமில்லாத கடும் களைப்பு எல்லாம் இதன் அறிகுறிகள். மோசமானால் கால் செயலிழந்து போகும், உயிருக்கே ஆபத்தாகும்.

டைவ் செய்துவிட்டு விமானத்தில் ஏறக்கூடாது என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா 1,868 மீட்டர். ஹட்டன் ஏறக்குறைய 1,270, ஹப்புத்தளை 1,400க்கு மேல். அப்படியென்றால் நமக்கு வீட்டுக்குப் போவதே விமானம் ஏறுவது மாதிரித்தான். கடற்கரைக்காரர் ஒருவர் இதை யோசிக்கவே மாட்டார், நாம் யோசித்தே ஆக வேண்டும்.

டைவர்கள் பின்பற்றும் பாதுகாப்பு விதி இது: சுமார் 600 மீட்டருக்கு மேல் ஏறுவதாக இருந்தால், ஒரே ஒரு டைவ் செய்தவர் குறைந்தது 12 மணிநேரம் காத்திருக்க வேண்டும், ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் செய்தவர் குறைந்தது 18 மணிநேரம். நான் எல்லாருக்கும் சொல்வது 24 மணிநேரம். ஒரு இரவு கூடுதலாகத் தங்குவதற்கு ஆகும் செலவைப் பார்த்து இதில் கை வைக்காதீர்கள்.

தெற்குக் கரையில் டைவ் செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்புகிறீர்களா? கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு தங்குங்கள், அவிசாவளை, கித்துல்கலை தாண்டினால் பாதை ஏறத் தொடங்கிவிடும். பாசிக்குடாவிலிருந்து பதுளைக்கு என்றால் மட்டக்களப்பிலேயே தங்கிவிட்டு மறுநாள் செங்கலடி, மஹாஓயா, பிபிலை வழியாகக் கிளம்புங்கள், லுணுகலை, பசறைப் பக்கம் ஏற்றம்தான். ஞாயிறு டைவ் செய்துவிட்டு திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டும் என்றால் அந்தப் பயணத்தையே வேண்டாம் என்று விடுங்கள்.

இன்னொன்று, டைவுக்குப் பிறகு மேலே சொன்ன அறிகுறி ஏதாவது தெரிந்தால், ‘வீட்டுக்குப் போய் நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் காட்டலாம்’ என்று மலை ஏறவே கூடாது. கீழேயே இருந்து, டைவ் சென்டரில் சொல்லி ஒட்சிசன் வாங்கிச் சுவாசித்துக்கொண்டு, உடனே வைத்தியம் பாருங்கள். அழுத்த அறைச் சிகிச்சை (காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துக் குமிழிகளைச் சுருக்கும் சிகிச்சை) எங்கே கிடைக்கும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டு வையுங்கள். தடுமாறாமல் பதில் சொல்கிற இடம்தான் நல்ல இடம்.

படி 2: உடம்பும் நீச்சலும்

ஆஸ்துமா, வலிப்பு, இருதயப் பிரச்சினை, காதில் ஒப்பரேஷன் நடந்தவர்கள் டொக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கர்ப்பிணிகள் டைவ் செய்யக் கூடாது. பதிவு செய்யும்போது தரும் உடல்நலப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். நம்ம குளிரில் தடிமன் அடிக்கடி வரும், தடிமனோடு தண்ணீருக்குள் இறங்கினால் காது அடைத்து, செவிப்பறை கிழியக்கூட வாய்ப்புண்டு. மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கப் பார்ப்பதும் சரியில்லை, கீழே இருக்கும்போது மாத்திரையின் வேலை முடிந்துவிட்டால் மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். தேதியை மாற்றுங்கள்.

ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பப் பயிற்சியில் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். வேகம் தேவையில்லை, பதற்றமில்லாமல் முடித்தால் போதும். நீச்சலை ஆள் இருந்து பார்க்கும் நீச்சல் தடாகத்தில் கற்றுக்கொள்ளுங்கள். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை மாதிரி நீர்த்தேக்கங்களில் வேண்டவே வேண்டாம்.

மவுஸ்ஸாக்கலை என்றதும் சிலர் கேட்பார்கள், பழைய மஸ்கெலியா டவுன் அதற்குள்தானே இருக்கிறது, தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரிகிறதே, அங்கேயே டைவ் செய்தால் என்ன என்று. ஆசை எனக்கும் புரிகிறது, நம்மவர்கள் வாழ்ந்த இடம் அது. ஆனால் குளிர்ந்த, கலங்கிய தண்ணீர், அதுவும் 1,000 மீட்டருக்கு மேல் உயரம். கடல் மட்டத்துக்குப் போட்ட டைவ் ஆழ, நேரக் கணக்கு அங்கே பொருந்தாது. புதியவருக்கான இடமே இல்லை.

படி 3: பருவமும் கப்பலும்

மேற்கு, தெற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை. பருவம் தவறினால் கடல் கொந்தளிக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது.

முதல் கப்பலுக்கு நான் சொல்வது ஹிக்கடுவைக்குப் பக்கத்தில், அக்குரலைக்கு நேரே கிடக்கும் ‘கொன்ச்’. 1903இல் மூழ்கிய எண்ணெய்க் கப்பல். அடி மணல் சுமார் 20 மீட்டரில் இருந்தாலும் கப்பலின் மேல் பகுதிகள் அதைவிட ஆழம் குறைவு, அதனால் புதியவருக்கான 18 மீட்டர் எல்லைக்குள்ளேயே நிறையப் பார்க்கலாம். கிழக்கில் எல்லாரும் பேசுவது ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன, 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, விசேஷப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். புதியவரை அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு எந்த டைவுக்கும் போகாதீர்கள்.

படி 4: பயிற்சி

ஒரு நாள் அனுபவ டைவ் என்று ஒன்று இருக்கிறது, அதில் 12 மீட்டருக்கு மேல் இறக்க மாட்டார்கள், பயிற்சியாளர் கூடவே இருப்பார். கடல் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அது நல்லது. கப்பலுக்குப் போக ஓப்பன் வாட்டர் சான்றிதழ் எடுங்கள், மூன்று நான்கு நாள் வேலை, எல்லை 18 மீட்டர். கடற்கரை டைவ் சென்டர்களில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள், சிங்களத்தில் சொல்லச் சொல்லுங்கள், நம்மில் நிறையப் பேருக்கு அது ஓடும்.

மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து கழன்ற ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) தேடிப் பிடிப்பது, கூட டைவ் செய்யும் துணைவரின் உபரி ரெகுலேட்டரில் சுவாசிப்பது, இந்த மூன்றும் கைவசமாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கை சைகையில் ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ என்று அர்த்தம் இல்லை, ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

படி 5: இறங்குவது

படகில் துணைவரும் நீங்களும் ஒருவர் சாமானை ஒருவர் பாருங்கள். மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, எடைப் பட்டி அவசரத்துக்குக் கழற்ற வருகிறதா, சிலிண்டர் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா, சிலிண்டரில் உள்ள காற்றைக் காட்டும் மானி சுமார் 200 பார் (பார் என்பது அழுத்த அளவு) காட்டுகிறதா. ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுத்துக்கொண்டே மானியைப் பாருங்கள், முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.

இறங்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. காது வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள், முதல் மீட்டரிலிருந்தே மூக்கைப் பிடித்து லேசாக ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமப்படுத்துங்கள். பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருந்ததைப்போல இரண்டு மடங்கு. காது திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயற்சி செய்யுங்கள். அப்போதும் முடியாவிட்டால் அன்றைக்கு டைவ் இல்லை, அவ்வளவுதான்.

படி 6: கப்பலில்

முதலில் நீலத்துக்குள் ஒரு இருட்டுத் திட்டு மாதிரித்தான் தெரியும், கொஞ்சம் கிட்டப் போனதும் அது வளைந்த இரும்பாகப் பிரியும். ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும் என்பதால் எல்லாமே சாம்பலும் பச்சையுமாக இருக்கும். ஒரு டோர்ச் கொண்டு போங்கள். துருப்பிடித்த தகட்டில் ஒரு அடி தூரத்திலிருந்து அதை அடித்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் செங்கல் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக எழும்பும், துரு என்று நினைத்ததில் பாதி உயிருள்ள கடற்பஞ்சு. அப்போதுதான் அந்த மடிப்பில் சிறகை விரித்தபடி ஒரு சிங்க மீன் அசையாமல் நிற்பது கண்ணில் படும். அதன் முள்ளில் விஷம் உண்டு. கல் மாதிரியே கிடக்கும் கல்மீன் இன்னும் மோசம். இதற்காகத்தான் கப்பலில் கை வைக்கக் கூடாது என்கிறார்கள், துருப்பிடித்த விளிம்பு கத்தியாக வெட்டும் என்பதும் உண்டு.

உள்ளே நுழையாதீர்கள். கதவு திறந்து கிடக்கும், உள்ளே வெளிச்சம்கூடத் தெரியும், இருந்தாலும் வேண்டாம். காலால் ஒரு உதை உதைத்தால் உள்ளே படிந்த சேறு கிளம்பி வந்த வழியே தெரியாமல் போகும், நேராக மேலே போகவும் கூரை விடாது. அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அறுந்த மீன்வலைகளுக்கும் தள்ளி நில்லுங்கள். சின்ன ஆணியைக்கூட எடுத்து வரக்கூடாது.

மானியை அடிக்கடி பாருங்கள். 100 பார் ஆனதும் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், 50 பார் மீதியோடு மேலே வந்திருக்க வேண்டும்.

படி 7: ஏறுவது

மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. ஏற ஏற நுரையீரலில் உள்ள காற்று விரியும், அடக்கினால் நுரையீரல் கிழியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா சுவாசியுங்கள்.

படகில் ஏறியதும் நிறையத் தண்ணீர் குடியுங்கள். அன்றைக்குச் சாராயம், பியர் வேண்டாம், பாரம் தூக்குவதும் வேண்டாம். வெளியே வந்த நேரத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், காத்திருப்பு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது, இரண்டாவது டைவ் செய்தால் அதிலிருந்து வெளியே வந்த நேரம்தான் கணக்கு.

அடுத்ததாக அட்வான்ஸ்ட் பயிற்சி எடுத்தால் எல்லை 30 மீட்டர் ஆகும். அப்புறம் பாசிக்குடாப் பக்கத்து ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’. ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாளில் குண்டுபட்ட எண்ணெய்க் கப்பல், ஆனால் அட்வான்ஸ்ட் டைவர் எட்டும் ஆழத்தில் இருக்கிறது. மே மாதத்துக்கு மேல் போங்கள், மட்டக்களப்பில் கூடுதலாக ஒரு இரவுக்கும் அறை பதிந்துகொள்ளுங்கள்.